அரை ஆயுள்

காலை எட்டரை. துர்கு நகரில் இன்னும் விடியவில்லை.
பதினேழு, படுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.
ஐலா கொர்ப்பேலா என்ற பெயர் என் நாவோடு சரி,
தாளில் எண்தான்.
நாந்தாலி வழித்தடத்தில் பேருந்து ஓட்டுகிறவள்.
வயது நாற்பத்தொன்று. நலமுள்ளவர் என்று
மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வெந்நீரில் இளகிய வலையை
அவள் முகத்தின் மேல் இழுத்துப் பொருத்துகிறேன்.
நெற்றி, மூக்கு, தாடை
வெள்ளையாய் இறுகுகின்றன.
இனி அவள் பேச முடியாது.
விரல் தூக்கினால் சரி என்று பொருள்.
தூக்குகிறாள்.

தாழ்வாரத்தில் ஓஸ்மோவின் ஓட்டம் கேட்கிறது.
ஈயப் பானைக்குள் அவன் கொண்டுவருவது
பிறந்த கணமே தேயத் தொடங்கிவிட்ட கரி.
இருபது நிமிடத்தில் பாதி.
அடுத்த இருபதில் பாதியின் பாதி.
லிஃப்ட் நின்றுபோனால் அன்றைக்கு ஆராய்ச்சி அவ்வளவுதான்.
போன மாதம் நின்றது.

மருந்து ஏறுகிறது.
திரையில் முதலில் வெறும் இரைச்சல்,
பிறகு மூளைத் தண்டின் நடுக்கோட்டில்
யாரோ ஒரு தையல் போட்டது போல்
மங்கலாக ஒரு கனல்.
செரோடோனின் புறப்படும் இடம் அது.
புறப்பட்டதைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாசல்களில்
எங்கள் கரி தொற்றிக்கொண்டு மினுங்குகிறது.

சந்தோஷத்தைப் படம் பிடிக்கிறாயாமே
என்று என் மைத்துனன் விருந்துகளில் கேட்பான்.
வாசல்களை எண்ணுகிறேன், அவ்வளவே.
வந்தது யார், போனது யார், எனக்குத் தெரியாது.

தொண்ணூறு நிமிடம்.
வலையைக் கழற்றும்போது கன்னமெல்லாம் தேனடைத் தடம்.
காப்பி, கறுப்பு ரொட்டி, வெண்ணெய்.
ரொட்டியைப் பிட்டபடி, பிட்டதைத் தின்னாமல்,
சொன்னாள்:

"படிவத்தில் ஒரு கேள்வி இருந்ததே.
உடன்பிறந்தவர் யாருக்காவது மனச்சோர்வு இருக்கிறதா என்று.
இல்லை என்று எழுதினேன்.
தானேலிக்கு இப்போது எதுவும் இல்லை.
போன பிப்ரவரியிலிருந்து."

வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தேன்.
துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

"ஒரே அறை, அடுக்குக் கட்டில்.
அவன் மேலே, நான் கீழே.
அவனிடம் குறைந்துபோனது என்னிடம் இருக்கிறதா,
பார்த்தீர்களா?"

ஒருவர் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன்.
பலர் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான்.
அது உண்மை.
உண்மையை அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"எங்கள் டிப்போவிலும் அப்படித்தான்.
எத்தனை பேர் ஏறினார்கள் என்றுதான் கணக்கு" என்றாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு, குப்பைக்குப் போகவிருந்த
தன் முகத்தின் வலையைக் கேட்டாள்.
விதியில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. கொடுத்தேன்.
கடைப்பைக்குள் மூக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது.

தானேலிக்கு முப்பத்தெட்டு.
அரை ஆயுள் என்ற சொல்லை
பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது முறை
சொல்கிறேன்.
அன்று மாலை கணக்குப் புத்தகத்தில் எழுதும்போது
கை ஒருமுறை நின்றது.

மூன்றரைக்கு இருட்டிவிட்டது.
அவள் வண்டி எடுத்திருப்பாள்.
உள்ளே போன கரியில்
பாதியின் பாதியின் பாதியின் ஏதோ ஒரு பாதி
இன்னும் அவளோடு ஓடிக்கொண்டிருக்கும்.
கருவிக்குத் தெரியாத அளவு.
கணக்குப்படி அது தீர்வதே இல்லை.

பதினேழு: விலக்கப்பட்டது. காரணம்: குடும்ப வரலாறு.
நலமுள்ளோர் வரிசையில் அவள் இல்லை,
நோயுற்றோர் வரிசையிலும் இல்லை.
படம் மட்டும் இருக்கிறது,
அந்தத் தையல் அணையாமல்.

படிவத்தைத் திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறேன்.
இருக்கிறதா என்பதற்குப் பக்கத்தில்
இருந்ததா என்று ஒரு சொல்.
நெறிமுறைக் குழு ஆறு வாரம் கேட்டிருக்கிறது.